ஹியூ மேங்கம்: ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரு நாளின் முகங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்த ஒரு போட்டோகிராபரைப் பற்றியது இது. அவர் படங்களை முதன்முறை பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். அங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

ஹியூ மேங்கம் யார்?

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் 1877இல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிக் கேமராவைக் கையில் எடுத்தார். 1922இல் இறக்கும்வரை அதுதான் அவருக்குத் தொழில். இறந்தபோது வயது 44. வந்தவர்களை உட்காரவைத்து, படம் பிடித்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்து, காசு வாங்கி வாழ்ந்த ஊர்ப் போட்டோகிராபர். இன்று அவரைப் பற்றி நாம் பேசுவதற்குக் காரணம், அவர் பயன்படுத்திய கண்ணாடி நெகடிவ்களில் ஒரு பகுதி ஏறக்குறைய 50 வருஷம் ஒரு மரக் கட்டடத்துக்குள் கிடந்து, அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்ததுதான்.

டர்ஹம் அப்போது எப்படிப்பட்ட ஊர்?

புகையிலை ஊர். மேங்கம் பிறந்தபோது சின்ன இடம். 1900இல் மக்கள்தொகை 7 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. 1920இல் 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 'புல் டர்ஹம்' புகையிலைத் தூளும் டியூக் குடும்பத்தின் சிகரெட்டுகளும் ரயில் ஏறி நாடு முழுக்கப் போயின. அந்தப் பணம் ஊருக்குள் ஆலைகளையும் கடைத்தெருக்களையும் கொண்டுவந்தது. கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. முதல்முறையாக மாதாமாதம் கையில் கொஞ்சம் காசு பார்த்தவர்கள் அவர்கள். நல்ல உடுப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, அதில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுவது இயல்புதானே.

டர்ஹமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நார்த் கரோலினா மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனத்தை ஜான் மெரிக், டாக்டர் ஆரன் மூர் முதலிய கறுப்பினத்தவர்கள் 1898இல் தொடங்கினார்கள். மெரிக் அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் கடைகள் நடத்தி முன்னுக்கு வந்தவர். 1908இல் கறுப்பினத்தவரின் வங்கி ஒன்றும் திறந்தது. 1910இல் ஜேம்ஸ் ஷெப்பர்ட் தொடங்கிய கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். மேங்கம் படங்களில் கழுத்துப் பட்டையும் கோட்டும் அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கறுப்பின ஆண்களை, உயர்கழுத்து ரவிக்கையும் பதக்கமும் அணிந்த பெண்களைப் பார்க்கும்போது இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோவில் இரவல் கொடுத்த உடுப்பாக இருக்கும் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடக் கூடாது.

சொந்த ஊரிலேயே கடை போட்டிருக்கலாமே, ஏன் ஊர் ஊராகப் போனார்?

சின்ன ஊரில் போட்டோ தொழிலுக்கு உள்ள சிக்கல் அது. ஒருமுறை ஊரே படம் எடுத்துக்கொண்டு விட்டால் அடுத்த படத்துக்கு ஒரு கல்யாணமோ குழந்தையோ வர வேண்டும். அதனால் பலர் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மேங்கமும் அப்படித்தான். வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் சுற்றினார். வர்ஜீனியாவில் ரோனோக், கிறிஸ்டியன்ஸ்பர்க், ராட்ஃபோர்ட், புலாஸ்கி ஆகியவை அவர் வேலை செய்த ஊர்கள். வரைபடத்தில் பார்த்தால் நான்கும் ஒரே ரயில் தடத்தில் வரிசையாக இருப்பது தெரியும்.

போகிற இடத்தில் வாடகைக்கு ஓர் அறை, ஜன்னல் வெளிச்சம், ஒரு ஸ்கிரீன், ஒரு நாற்காலி. வேலை நடந்துவிடும். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு ரயிலில் அலைவது லேசான காரியம் இல்லை. எடை அதிகம், கைதவறினால் ஒரு நாள் உழைப்பு போச்சு.

'பென்னி பிக்சர்' கேமரா என்கிறார்களே, அது என்ன? எப்படி வேலை செய்தது?

மேங்கமைப் புரிந்துகொள்ள இந்தக் கேமராவைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. ஒரு பக்கம் ஜெலட்டினில் வெள்ளி உப்பு கலந்த பூச்சு. அதை 'உலர் தகடு' என்பார்கள். 1880களிலிருந்து கடையில் பெட்டியாகவே வாங்கலாம். வழக்கமான ஸ்டூடியோவில் ஒரு தகட்டுக்கு ஒரு படம். தகடு, ரசாயனம், தாள் எல்லாச் செலவும் அந்த ஒரு படத்தின் தலையில் விழும். அதனால் விலை ஏறும்.

பென்னி பிக்சர் கேமராவின் யோசனை எளிமையானது. லென்ஸ் அப்படியே நிற்கும். பின்னால் தகட்டைத் தாங்கியிருக்கும் சட்டம் மட்டும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகரும். நடுவில் ஒரு சின்னத் திறப்பு. ஒருவரைப் படம் எடுத்ததும் சட்டத்தை ஒரு கட்டம் நகர்த்துவார். அடுத்த படம் பக்கத்துக் கட்டத்தில் விழும். வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. இப்படி ஒரே தகட்டில் 30 படங்கள் வரை எடுக்க முடிந்தது. பெயரிலேயே விலை இருக்கிறது: ஒரு படம் ஒரு பென்னி, அதாவது ஒரு சென்ட், என்று ஆள் பிடித்த தொழில் அது.

நம் ஊர் ஸ்டூடியோவில் ஒரே தாளில் எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போட்டு வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஆனால் மேங்கமின் தகட்டில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி நேரத்தில் எடுத்த தனிப்படம். ஆளும் மாறலாம், முகபாவமும் மாறலாம்.

தகடு முழுக்க நிரம்பிய பிறகுதான் இருட்டறைக்குப் போகும். மங்கிய சிவப்பு விளக்கில் கழுவி, காயவைத்து, நெகடிவை நேராகத் தாளின் மேல் வைத்து ஒளி காட்டி பிரிண்ட் எடுப்பார். பெரிதாக்குவதெல்லாம் கிடையாது. நெகடிவில் கட்டம் எவ்வளவு பெரிதோ பிரிண்டும் அவ்வளவுதான். கத்தரித்து அவரவர் படத்தை அவரவரிடம் கொடுத்துவிடுவார். படங்கள் பல கைகளுக்குப் பிரிந்து போய்விட்டன. தகடு மட்டும் பிரியாமல் மேங்கமிடம் தங்கியது.

அதில் என்ன அப்படி விசேஷம்?

வாசலில் யார் யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்பது தகட்டில் பதிந்துவிட்டது. அதுதான் விசேஷம்.

ஒரு தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இரண்டு மூன்று கட்டங்களில். அடுத்து ஒரு கறுப்பின இளைஞர். அவருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை. பிறகு கறுப்பினப் பெண்கள் இருவர். திரும்பவும் ஒரு வெள்ளைக்காரர். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஸ்கிரீன், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே அளவு கட்டம். இப்படிப்பட்ட தகடுகள் ஒன்றிரண்டு இல்லை, பல இருக்கின்றன.

அந்த வருஷங்களில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். 'தனித்தனியாக இருந்தாலும் சமம்தான்' என்று சொல்லி இனப் பிரிவினைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் கதவைத் திறந்துவிட்டது. 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் வெள்ளை இனவெறிக் கும்பல் ஆயுதத்தோடு இறங்கி, கறுப்பினத்தவர் பலரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தையே தூக்கி எறிந்தது. 1899இல் ரயிலில் தனிப் பெட்டி என்று மாநிலச் சட்டம். 1900இல் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே ஓட்டு என்ற திருத்தத்தைக் கொண்டுவந்து, கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தார்கள். வர்ஜீனியாவிலும் இதே கதைதான்.

அந்த ரயிலிலிருந்து இறங்கியதும் இருவேறு பெட்டிகளில் வந்தவர்கள் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் பிரித்து வைத்தவர்களைத் தகடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. இந்த முகங்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழுத் தகட்டைக் காட்டாவிட்டால் மேங்கம் விட்டுச் சென்றதில் முக்கியமானது கண்ணிலிருந்து போய்விடுகிறது.

அப்படியென்றால் அவர் இன சமத்துவத்துக்காக நின்றவரா?

அப்படிச் சொல்ல இந்தத் தகடுகள் போதாது. அவர் போராட்டக்காரர் இல்லை, பிழைப்புக்காகப் படம் எடுத்தவர். கறுப்பினத்தவர் கொடுக்கும் காசும் காசுதான் என்று நினைத்த வியாபாரியாகவும் இருந்திருக்கலாம். கடைக்குள் எல்லாரையும் விடுவதும் வெளியே வந்து அநியாயத்தை எதிர்ப்பதும் வேறு வேறு. அந்த அறையைச் சமத்துவத் தீவு என்று கொண்டாடினால், படம் எடுத்துவிட்டு வெளியே போன கறுப்பினப் பெண் எந்தத் தெருவில் நடக்க வேண்டியிருந்தது என்பதை மறந்தவர்களாவோம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் காசுக்காக மட்டும் எடுத்திருந்தால் ஒரு அவசரம் தெரியும், ஒரு பாராமுகம் தெரியும். இந்தப் படங்களில் அது இல்லை. கறுப்பினத்தவர் கேமராவைப் பார்க்கிற பார்வையில் கூச்சமோ பயமோ பெரும்பாலும் காணோம். எதிரே நிற்கும் ஆள் நம்மை மரியாதையாக நடத்துகிறார் என்று தெரிந்தவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. இது என் வாசிப்பு. தகடுகளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

பழைய போட்டோவில் எல்லாரும் விறைப்பாக இருப்பார்கள். இவர் படத்தில் மட்டும் எப்படிச் சிரிக்கிறார்கள்?

விறைப்புக்கு எக்ஸ்போஷர் நேரம், அதாவது தகட்டில் ஒளி விழ விடும் நேரம், ஒரு காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். 1840களுக்கு அது சரி. மேங்கம் காலத்துத் தகடுகளுக்குப் பல நொடிகள் அசையாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. விறைப்பு நீடித்ததற்குக் காரணம் பழக்கமும் செலவும்தான். வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுக்கப்போகிறவர் அதில் பல்லைக் காட்ட மாட்டார்.

பென்னி பிக்சர் கேமரா இந்தப் பயத்தைக் குறைத்துவிட்டது. ஒருவருக்கே மூன்று நான்கு கட்டங்கள் எடுக்கலாம். முதல் கட்டத்தில் தொப்பியோடு கம்பீரமாக ஒரு போஸ். அடுத்ததில் தொப்பி இல்லை, தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. மூன்றாவதில் ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறார் போல, வாய்விட்டுச் சிரிப்பு. அப்புறம் சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாத முகம். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆள் தளர்ந்து, தானாக மாறுவதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். கேமராவுக்கு முன்னால் ஆட்களை இலகுவாக்குவது ஒரு திறமை. அது மேங்கமுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

ஒரே தகட்டில் வெவ்வேறு தோல் நிறம். ஒளி அளவை எப்படிச் சமாளித்தார்?

நல்ல கேள்வி. தொழில் தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள்.

அக்காலத்துத் தகடுகளுக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ள முடிந்தது. இதன் விளைவு முகத்திலும் தெரியும். நீலக் கண்கள் வெளிறிப்போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். சிவந்த கன்னமும் முகப்புள்ளிகளும் இருக்கிற நிறத்தைவிடக் கறுத்து விழும். கறுத்த சருமம் இன்னும் இருண்டு, கவனம் இல்லாவிட்டால் ஜாடையே தெரியாமல் போய்விடும்.

ஒரு தகட்டுக்கு ஒரு ஆள் என்றால் கழுவும்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். 30 பேரும் ஒரே தகட்டில் இருந்தால் கழுவுவது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். ஒருவருக்காக நேரத்தைக் கூட்டினால் பக்கத்துக் கட்டத்தில் இருப்பவர் கெட்டுப்போவார். ஆக, ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதை ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே கண்ணால் அளந்து முடிவு செய்ய வேண்டும். லைட் மீட்டர் இல்லாமல், அடுத்தவர் காத்திருக்கும்போது. கறுப்பினப் பெண்ணின் கன்ன எலும்பும் பக்கத்துக் கட்டத்து வெள்ளைக்காரரின் கழுத்துப் பட்டையின் மடிப்பும் ஒரே தகட்டில் தெளிவாக இருப்பதைப் பார்த்தால், இந்த மனிதர் வெளிச்சத்தை எவ்வளவு தூரம் படித்திருக்கிறார் என்பது புரியும். அவருடைய கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

குடும்பம்?

மனைவி பெயர் ஆனி கார்டன், மகள் ஜூலியா. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் டர்ஹமுக்கு வெளியே, ஈனோ ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயின்ட் என்ற இடத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டில் இருந்தார்கள். அந்த வீடு இன்னும் நிற்கிறது. ஊர் சுற்றி அலுத்தால் மேங்கம் திரும்பி வருவது அங்கேதான்.

அவர் தன்னையே படம் எடுத்துக்கொண்டாராமே?

ஆமாம், ஏராளமாக. மெலிந்த ஆள். தொப்பி போட்டு, கழற்றி, நேராகப் பார்த்து, பக்கவாட்டில் திரும்பி என்று பலவிதம். கேமராவுக்கு முன்னால் உட்கார்வது எப்படி இருக்கும் என்பதைத் தன் உடம்பால் தெரிந்துகொண்டவர் என்பது அந்தப் படங்களைப் பார்த்தால் தெரிகிறது.

தகடுகள் எப்படிப் பிழைத்தன?

புகையிலை இலையைக் காயவைத்த பிறகு தரம் பிரித்துக் கட்டி வைக்க ஒரு மரக் கட்டடம் பண்ணைகளில் இருக்கும். வெஸ்ட் பாயின்ட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்குள்தான் மேங்கம் தன் இருட்டறையை அமைத்துக்கொண்டார். கழுவிய தகடுகளும் அங்கேயே சேர்ந்தன.

1922இல் அவர் போன பிறகு அவற்றைத் தொட யாரும் இல்லை. வெயிலும் மழைக்காலத்து ஈரமும் மாறி மாறி அடிக்க, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தன. நிறையத் தகடுகள் அழிந்துபோயின. 1970களில் அந்தக் கட்டடத்தையே இடிக்க இருந்தார்கள். கடைசி நேரத்தில் அது தப்பியது, உள்ளே இருந்த தகடுகளும் தப்பின. இடம் நகரப் பூங்காவானது. நூற்றுக்கணக்கான தகடுகள் பிறகு டியூக் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. புகையிலைக் கொட்டகையில் கிடந்த முகங்கள் புகையிலைப் பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கின்றன. அந்த முகங்களில் எத்தனை பேர் புகையிலை ஆலையில் வேலை செய்தவர்களாக இருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

படங்களில் கறையும் விரிசலுமாக இருக்கிறதே, கம்ப்யூட்டரில் சரிசெய்யக் கூடாதா?

செய்யலாம். இன்றைய மென்பொருளுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் தகட்டை வண்ணத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஈரம் பட்டு ஜெலட்டின் உரிந்த இடம், நீலமும் செம்பழுப்புமாகப் படர்ந்த கறை, ஓரத்தில் யாருடைய விரல் ரேகையோ, மூலையிலிருந்து ஓடிவரும் விரிசல். 50 வருஷம் அது எங்கே, எப்படிக் கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சில தகடுகளில் கறை ஒரு முகத்தைப் பாதி மூடிவிட்டு அடுத்த கட்டத்து முகத்தைத் தொடாமல் விட்டிருக்கும்.

கறையை நீக்க வேண்டுமென்றால் நீக்கிய பிரதியை வேறாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஸ்கேனில் கை வைக்கக் கூடாது. ஸ்டூடியோ டச்சிங் செய்து முகத்தை மழமழவென்று ஆக்குவது போல இந்தத் தகடுகளையும் ஆக்கிவிட்டால், அவை பொம்மைகளாகிவிடும்.

படத்தில் இருப்பவர்கள் யார் யார்? பெயர் தெரியுமா?

பெரும்பாலானோர் பெயர் தெரியாது. இந்தத் தொகுப்பில் மனசுக்குக் கஷ்டமான விஷயம் இதுதான். பென்னி பிக்சர் தொழிலில் ஆள் வருவார், உட்காருவார், வாங்கிக்கொண்டு போவார். தகட்டில் பெயர் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. அதிலும் கறுப்பினத்தவர் குடும்பங்களுக்கு இது கூடுதல் இழப்பு. அடிமை முறை 1865இல்தான் முடிந்தது. இந்தப் படங்களில் உள்ள நடுவயதைத் தாண்டியவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே படம் நூலகத்தில் பெயரில்லாமல் இருக்கிறது.

ஒரு தகட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருப்பவர்கள் ஒருவேளை ஒரே குடும்பமாக இருக்கலாம், ஒரே தெருக்காரர்களாக இருக்கலாம். முகங்களை வெட்டித் தனித்தனியாக வைத்தால் இந்தத் துப்பும் கைவிட்டுப் போகும். முழுத் தகடு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் காலத்திலேயே கோடாக் கேமரா வந்துவிட்டதே. தொழில் படுத்துவிடவில்லையா?

1900இல் ஈஸ்ட்மன் கோடாக் 'பிரவுனி' கேமராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. வசதி இருந்தவர்கள் வீட்டிலேயே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு ஒரு டாலர் பெரிய காசு. பிலிமும் கழுவும் செலவும் தனி. தவிர, வீட்டு வாசலில் எடுக்கிற படமும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுக்கிற படமும் ஒன்றாகிவிடாது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்புவதற்கு ஸ்டூடியோ படம்தான் வேண்டும். மேங்கம் கடைசிவரை தொழிலில் இருந்தார்.

தகடுகளை எங்கே பார்க்கலாம்?

டியூக் பல்கலைக்கழக நூலகம் தகடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. டர்ஹம் பக்கம் போகிறவர்கள் வெஸ்ட் பாயின்ட் பூங்காவுக்குப் போனால், அந்தப் பழைய கட்டடத்தையே மேங்கம் பெயரில் போட்டோ அருங்காட்சியகமாக ஆக்கியிருப்பதைப் பார்க்கலாம். மார்கரெட் சார்ட்டரும் அலெக்ஸ் ஹாரிஸும் தொகுத்து 2019இல் ஒரு புத்தகமும் வந்தது. அதற்கு முன்பே சாரா ஸ்டாக்கி இந்தத் தகடுகளில் வேலை செய்து, கண்காட்சியாக மக்கள் முன் கொண்டுவந்திருந்தார்.

இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஒரு தகட்டை முழுதாகத் திறந்து, எத்தனை பேர், யாருக்கு எத்தனை கட்டம், ஸ்கிரீன் எங்கே மாறுகிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஒரே தொப்பி இரண்டு மூன்று தலைகளில் இருக்கிறதா என்றும் தேடுங்கள், சில தகடுகளில் அகப்படும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டியில் கண்ணாடி நெகடிவ்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

முதல் வேலை, கழுவாதீர்கள். தண்ணீர் பட்டால் ஜெலட்டின் பூச்சு ஊறி, கண்ணாடியிலிருந்து கழன்று வந்துவிடும். துணியால் துடைப்பதும் கூடாது. தகட்டைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பாக இருப்பது கண்ணாடிப் பக்கம், மங்கலாக இருப்பது பூச்சுப் பக்கம். பூச்சுப் பக்கத்தில் விரலே படக் கூடாது. பொடி இல்லாத நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டு, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். துணிக் கையுறை வேண்டாம், வழுக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கை வாட்டில் அடுக்கினால் அடியில் இருப்பவை எடை தாங்காமல் உடையும். அமிலமில்லாத தாளில் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, நீளமான விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, ஆடாமல் வையுங்கள். சுற்றும் தாளில் பென்சிலால் எழுதி முடித்துவிட்டுத்தான் தகட்டை உள்ளே வைக்க வேண்டும். உடைந்த தகட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், துண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் அட்டைமேல் பரப்பி வையுங்கள். பிரதி எடுக்க ஸ்கேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சீரான வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில் வைத்து, ஸ்டாண்டில் மாட்டிய கேமராவால், தகட்டின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுத்தால் போதும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், பெட்டியில் தகடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையிலேயே எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிமேல் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிரதியை எடுத்த அன்றே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டு எழுதிவிடுங்கள்.